பழைய பெட்டியில் ஒரு கால அட்டவணை

சல்லடையக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல பேருதானே. வேண்டாதத நிறுத்திட்டு வேண்டியத விடும்" என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். முன்னறையில் முதலாளி. பின்னறையில் ஜன்னலை ஒட்டி அக்கா, கதவை ஒட்டி நான். ஒரே மின்விசிறி. அதை அக்கா பக்கம் திருப்பினால் எனக்கு வேர்க்கும், என் பக்கம் திருப்பினால் அக்காவுக்கு வேர்க்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினால் சுவருக்குத்தான் காற்று. சின்ன நிறுவனங்களுக்கு இணையதளம் செய்துகொடுத்து, அதைப் பராமரிப்பது எங்கள் தொழில். டைல்ஸ் கடை, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, இரண்டு கூரியர்கள், அக்கரைக்கும் இக்கரைக்கும் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகு நிறுவனம். படங்களை வெட்டி ஒட்டுவது என் வேலை, பக்கங்களைத் திருத்துவது அக்காவின் வேலை.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அக்கா ஒன்பது வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். அங்கே ஒரு பத்திரத்துக்கு நகல் எடுத்தால் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்களாம். ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, மற்றவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே போவார். கமா, முற்றுப்புள்ளி உட்பட ஒப்பிட வேண்டும். முப்பத்தியொரு வயதில், மகளைத் தூங்கவைத்துவிட்டு, ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். முதலில் எழுதியதே அந்த ஒப்பிடும் வேலைக்கான மென்பொருளைத்தான். "எதிர்ல உட்காந்திருந்தவளுக்குத் தொண்டை கட்டும், கொட்டாவி வரும். இதுக்கு ரெண்டும் வராது" என்பார்.

ஓர் இணையதளம் என்பது நூற்றுக்கணக்கான கோப்புகள். அலுவலகக் கணினியில் ஒரு பிரதி இருக்கும், உலகத்துக்குத் தெரிகிற சர்வரில் இன்னொரு பிரதி இருக்கும். இங்கே பத்துக் கோப்புகளைத் திருத்தினால் அந்தப் பத்தையும் நினைவாக அங்கே அனுப்ப வேண்டும். ஒன்றை மறந்தால் ஆபத்து. அக்கா எழுதிய அந்த மென்பொருள்தான் சல்லடை; அது இரண்டு பக்கத்தையும் பார்த்து, எது மாறியிருக்கிறது என்று பட்டியல் போட்டுக் காட்டும். பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் இடது பக்கம் சர்வரில் இருக்கும் பழையது, வலது பக்கம் நம்மிடமிருக்கும் புதியது, மாறிய வரி மட்டும் மஞ்சளில். 'அனுப்பு' என்று ஒரே ஒரு பொத்தான். புதியது போய் உட்காரும்போது அழிபடுகிற பழைய கோப்பையும் அது வீணாக்காது. தேதி போட்டு 'பழைய பெட்டி' என்ற இடத்தில் தொண்ணூறு நாள் வைத்திருந்துவிட்டு, அப்புறம் தானே அழித்துவிடும்.

அதில் ஒரு விதி என்னால் வந்தது. ஒருமுறை டைல்ஸ் கடையின் புதிய பக்கத்தின் மேல் என்னிடமிருந்த போன வருடத்துப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். கடைக்காரர் போனில் என் பரம்பரையையே விசாரித்தார். அன்று சாயங்காலமே அக்கா சல்லடையில் இரண்டு வரி சேர்த்தார். நம்மிடமிருக்கும் கோப்பின் தேதி சர்வரில் இருப்பதைவிடப் பழசாக இருந்தால், அதைத் தொடவே கூடாது. பட்டியலிலும் காட்ட வேண்டியதில்லை. "இனிமே நீ கண்ண மூடிட்டு அனுப்பலாம்" என்றார். நாங்கள் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டுதான் அனுப்பினோம்.

குளிர்காலம் தொடங்குவதற்கு முன் படகு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. ஒன்றாம் தேதியிலிருந்து கடைசிப் படகு ஆறு நாற்பதுக்குப் பதில் ஐந்து நாற்பதுக்குப் புறப்படும். கூடவே புதுப் படகின் படங்களையும் போடச் சொல்லியிருந்தார்கள். நான் ஒன்பது படங்களைத் தயார் செய்து கொடுத்தேன். அக்கா கால அட்டவணைப் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினார். ஆறு ஐந்தாயிற்று. மொத்தம் பத்துக் கோப்புகள்.

சர்வர் வேலைக்கென்றே அக்காவிடம் ஒரு பழைய கணினி இருந்தது. அதன் உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி செத்துப்போய்விட்டது. அன்று காலை மின்சாரம் போய் வந்ததில் அதன் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது. திரையின் ஓரத்தில் தேதியைப் பார்த்துவிட்டு நான்தான் கிண்டல் செய்தேன்.

"என்னக்கா, உங்க மெஷினுக்கு மட்டும் வயசு குறைஞ்சிட்டே போகுது?"

"எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல. நாளைக்கு ஒரு பேட்டரி வாங்கணும்" என்றார்.

அக்கா அந்தக் கணினியில் அப்போதுதான் திருத்திய கால அட்டவணை, அதன் கடிகாரத்தின்படி பல வருடத்துக்கு முந்தைய கோப்பு. படங்கள் என் கணினியில் செய்தவை, அவற்றின் தேதி சரியாக இருந்தது. சல்லடை விதிப்படி அதை ஒதுக்கியது. 'ஒன்பது கோப்புகள் அனுப்பப்பட்டன' என்று காட்டியது. பத்து என்று காட்டியிருக்க வேண்டும். அக்கா எண்ணிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. படங்கள் பளிச்சென்று வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டு இருவரும் தேநீர் குடிக்கக் கீழே இறங்கினோம்.

நான்காம் தேதி சாயங்காலம் ஆற்றில் ஒரு சின்ன மோட்டார் படகு கவிழ்ந்தது. ஜல்லி ஏற்றிக்கொண்டு போன படகு. பயணிகளுக்கான கடைசிப் படகைத் தவறவிட்ட மூன்று பேர் அதில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். முப்பத்துநான்கு வயது லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் ஏறவில்லை. செய்தித்தாளை முதலாளிதான் கொண்டுவந்தார். மூன்று பேரும் படித்தோம். "பாவம், இந்தக் குளிர்ல" என்றார் அக்கா. அவ்வளவுதான். எங்களுக்கு வேலை இருந்தது.

பன்னிரண்டாம் தேதி படகு நிறுவனத்தார் ஒரு தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னார்கள். அதற்குள் அக்கா பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார்; கடிகாரம் சரியாக ஓடியது. கால அட்டவணைப் பக்கத்தின் அடியில் எண்ணைத் திருத்திச் சேமித்து, சல்லடையை ஓட்டினார். பட்டியலில் ஒரே கோப்பு. திறந்தால் மஞ்சள் வரி ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். இரண்டு இருந்தன. கீழே தொலைபேசி எண். மேலே, இடது பக்கம் 6:40, வலது பக்கம் 5:40.

அவர் 'அனுப்பு' பொத்தானை அழுத்தினார்.

"கை அழுத்திடுச்சு" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "மஞ்சளப் பாத்தா அழுத்தற கைதானே. அழுத்தினதுக்கு அப்புறம்தான் என்ன அழுத்தினேன்னு தெரிஞ்சுது."

அப்போது நான் அறையில்தான் இருந்தேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஜன்னல் ஓரத்தில் சற்று நின்றார். பிறகு உட்கார்ந்து கூரியர்காரரின் பக்கத்தைத் திருத்த ஆரம்பித்தார். மாலை முதலாளியின் அறைக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"சார், ஒண்ணாந்தேதிலேர்ந்து இன்னிக்குக் காலைல வரைக்கும் சைட்ல பழைய நேரம்தான் இருந்திருக்கு."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். அப்புறம், "இப்ப சரியாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சு."

"படகுத்துறையில பெரிய பலகை வெச்சிருக்காங்க. அதுல சரியாத்தான் போட்டிருந்தாங்க. சைட்டப் பாத்துட்டா எல்லாரும் படகு ஏறுறாங்க? நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. யாரும் கேக்கல. நாமளே வாயக் கொடுத்து வாங்கிக் கட்டிக்க வேண்டாம்."

அவர் கெட்டவர் இல்லை. அக்காவின் மகள் விடுதியில் சேர்ந்தபோது தன் காரில் பெட்டி படுக்கையோடு கொண்டுபோய் விட்டவர். அவருக்கு இரண்டு அறையும் மூன்று சம்பளமும்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

அக்கா அழவில்லை. தூக்கம் கெடவில்லை. சாப்பாடு இறங்காமல் போகவில்லை. என்றைக்கும்போல ஒன்பது மணிக்கு வந்தார், ஐந்தரைக்குப் போனார். அவர் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுபவர், வாயாடி. ஒருநாள் அக்காவை அழைத்துப்போக வந்தவர், அவர் பை எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்.

"ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"நேத்து வேன்ல ஒரு பொண்ணு என் தொப்பிய ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டுட்டான்னு கத சொன்னேன். வழக்கமா 'நல்லா வேணும்'னு சொல்லுவா. நேத்து, 'அப்படியா'ன்னா. இருபத்திரெண்டு வருஷத்துல அவ என்கிட்ட 'அப்படியா'ன்னு சொன்னதே இல்ல."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த விதி என்னால் வந்தது, கடிகாரத்தைப் பார்த்தவன் நான். சொல்ல ஆரம்பித்தால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

படகு நிறுவனத்தின் இணையதளத்தில் 'உங்கள் கருத்து' என்று ஒரு பகுதி உண்டு. அதில் எழுதுவது யாருக்குப் போகிறது என்று எழுதுபவர்களுக்குத் தெரியாது. அக்காவுக்குத்தான் வரும். குடை தொலைந்துவிட்டது, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று வாரத்துக்கு மூன்று நான்கு வரும். அவர் உரியவர்களுக்கு அனுப்பிவைப்பார். விபத்து நடந்து ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எனக்கும் காட்டினார்.

'நான்காம் தேதி உங்கள் தளத்தில் கடைசிப் படகின் நேரம் 5:40 என்று இருந்ததா, 6:40 என்று இருந்ததா? தயவுசெய்து இதை மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. இறந்துபோன லிஃப்ட் மெக்கானிக்கின் அக்கா.'

அக்கா அதை உரியவர்களுக்கு அனுப்பவில்லை. பதிலும் எழுதவில்லை. பத்து நாள் கழித்து அதே கடிதம், ஒரு எழுத்து மாறாமல் மறுபடி வந்தது. அப்போதுதான் முதலாளியிடம் எடுத்துப் போனார். முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "படகு நேரங்கள் தளத்தில் உள்ளபடியேன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுங்க. பொய்யும் இல்ல."

அக்கா அனுப்பினார். 'படகு நேரங்கள் எங்கள் இணையதளத்தில் உள்ளபடியே.' கால் மணி நேரத்துக்குள் பதில் வந்தது. 'நன்றி' என்று மட்டும்.

அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் வந்ததும் பழைய பெட்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கினார். அந்த ஒரு கோப்பு அங்கே இருந்தது. பக்கத்தில், அழிய இன்னும் இத்தனை நாள் என்று ஓர் எண். நாற்பத்தாறு. நாற்பத்தைந்து. அவர் எதுவுமே செய்ய வேண்டாம். பேசாமல் இருந்தால் போதும். அவர் எழுதிய மென்பொருளே ஒருநாள் காலையில் அதை அழித்துவிடும். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் ஆறு நாற்பது என்று ஒரு காலத்தில் இருந்ததற்கு உலகத்தில் சாட்சி கிடையாது.

"அதுக்குத்தான் காத்திருந்தீங்களா?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன்.

"தெரியல" என்றார். "காத்திருக்கேன்னு கூடத் தோணல. பல்லு மரத்துப்போக ஊசி போட்டதும் டாக்டர் வலிக்குதான்னு தட்டிப் பாப்பாரே, அந்த மாதிரி தினமும் தட்டிப் பாத்துட்டிருந்தேன்."

எண் நான்கு என்று காட்டிய நாளில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தார். எந்தக் கோப்பு எந்தத் தேதியில் போனது என்று சல்லடை எழுதிவைக்கும் பதிவேட்டில் அந்த இரண்டு வாரத்தையும் பிரிண்ட் எடுத்தார். கடிதத்தில் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டார். மறுமுனையில், "யாரு?" என்றார்கள். "படகு கம்பெனி சைட்ட நான்தான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா. முகவரி கொடுத்தார்கள்.

நானும் கூடப் போனேன். அழைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். அறை துப்புரவாக இருந்தது. உட்காரச் சொன்னார். தான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராகப் பன்னிரண்டு வருடம் இருந்ததாகவும், இப்போது வேலையை விட்டுவிட்டதாகவும் அவராகவே சொன்னார்.

"அங்க என் வேலையே நேரம் சொல்றதுதான். மூணேகாலுக்கு வாங்க, நாலு மணிக்கு வாங்கன்னு. அன்னிக்குத் தம்பி அக்கரையில ஒரு கட்டடத்துல லிஃப்ட்டுக்குள்ள இருந்தான். கையெல்லாம் கிரீசு. போன் பண்ணி, அக்கா, கடைசி படகு எத்தனை மணிக்குன்னு பாருன்னான். பாத்தேன். ஆறு நாப்பதுன்னு சொன்னேன். அப்போ மணி அஞ்சு. அப்ப நேரமிருக்கு, வேலைய முடிச்சிட்டே வரேன்னான்."

அக்கா பையைத் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"காரியமெல்லாம் முடிஞ்சதும் எல்லாரும் கேட்டாங்க, யார் ஆறு நாப்பதுன்னு சொன்னதுன்னு. நான்தான்னேன். சைட்டத் திறந்து காட்டுன்னாங்க. திறந்தேன். அஞ்சு நாப்பதுன்னு இருக்கு. தம்பி பொண்டாட்டி அதப் பாத்தா, என்னப் பாத்தா. 'அவர் ஒரே ஒரு நேரம்தானே அண்ணி கேட்டாரு'ன்னா. அதுக்கப்புறம் அவ பேசல."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான் ஆறுன்னுதான் பாத்தேன். கண்ணுக்குள்ள இருக்கு. ஆனா அங்க அஞ்சு இருக்கே. அப்புறம் ஆஸ்பத்திரியில ஒவ்வொரு நேரத்தையும் நாலு தடவ பாக்க ஆரம்பிச்சேன். பாத்தும் நம்ப முடியல. மூணு மணின்னு எழுதிட்டு, எழுதினது மூணுதானான்னு பக்கத்துல இருக்கறவங்கள கேட்டேன். எத்தன நாளைக்குக் கேக்கறது?"

அக்கா காகிதங்களை எடுத்து மேசையின் மேல் வைத்தார்.

"நீங்க சரியாத்தான் பாத்தீங்க. ஆறு நாப்பதுன்னுதான் இருந்துது. பன்னெண்டாந்தேதி காலைல வரைக்கும் அப்படித்தான் இருந்துது. மாத்தி அனுப்ப வேண்டியது நான். அனுப்பினேன்னு நினைச்சேன், போகல. பன்னெண்டாந்தேதி கண்டுபிடிச்சு மாத்தினதும் நான்தான்."

அந்தப் பெண் முதல் காகிதத்தை எடுத்தார். 6:40 இருந்த வரியில் விரலை வைத்தார். வைத்தபடியே இருந்தார். கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

"பன்னெண்டாந்தேதியே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் ரெண்டு தடவ எழுதினேன்."

"ரெண்டும் எனக்குத்தான் வந்துது."

"சைட்ல உள்ளபடியேன்னு பதில் வந்துச்சே, அது?"

"அதுவும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்து நேராக உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெண் எழுந்தார். உள்ளே போய் ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எழுந்திருங்க. தம்பி வீடு ரெண்டு தெரு தள்ளி. இத அவகிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா."

அங்கேயும் அக்கா அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னார். தம்பி மனைவி அடுப்படியில் கத்தரிக்கோலால் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரிக்கோலோடு வந்து நின்று கேட்டார். மெலிந்த பெண். சொல்லி முடித்ததும் அக்காவைப் பார்க்கவே இல்லை. நாத்தனாரிடம் திரும்பினார்.

"அப்ப நீங்க சரியாத்தான் சொன்னீங்களா அண்ணி?"

"நான் பாத்தததான் சொன்னேன்மா."

"மூணு மாசமா நான் உங்கள..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கத்தரிக்கோலை அலமாரி மேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நாத்தனாரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் தொட்டுக்கொள்ளவில்லை, ஆனால் தோளோடு தோள் ஒட்டியிருந்தது. சிறிது நேரம் கழித்துத் தம்பி மனைவி எங்கள் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்.

"அவங்களப் போகச் சொல்லுங்க அண்ணி."

போனோம். படியிறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். வாசலில் நின்று, "பஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வந்த வழிதான். மறந்துவிட்டார்.

"இப்பக் கொஞ்சம் லேசா இருக்காக்கா?"

யோசித்துவிட்டுச் சொன்னார். "இல்ல. அப்படியேதான் இருக்கு. அவங்களுக்குக் கொஞ்சம் லேசாயிருக்கும்."

அடுத்த மாதமே அந்தக் குடும்பம் போக்குவரத்து அதிகாரியிடம் புகார் கொடுத்தது. விசாரணைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பேட்டரி, கடிகாரம், ஒன்பது கோப்புகள் எல்லாவற்றையும். "அந்த விதிய ஏன் எழுதினீங்க?" என்று கேட்டதற்கு, "முன்னாடி ஒரு தப்பு நடந்துது, அது மறுபடி நடக்கக் கூடாதுன்னு" என்றார். யார் செய்த தப்பு என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

படகு நிறுவனம், தங்கள் தளம் வெறும் தகவலுக்காகத்தான், துறையில் வைத்த பலகைதான் செல்லும் என்று வாதாடியது. அதிகாரி அதை ஏற்கவில்லை. நேரம் மாறினால் தளத்தில் மாறியதை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டார். படகு நிறுவனம் எங்களை விட்டுப் போயிற்று. அதைப் பார்த்து ஒரு கூரியரும் போயிற்று. முதலாளி அக்காவை முன்னறைக்கு அழைத்து, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "என்னால முடியலம்மா" என்றார். அக்கா, "புரியுது சார்" என்று சொல்லிவிட்டு வந்து மேசை இழுப்பறையைக் காலி செய்தார். ஒரு சீப்பு, ஒரு கத்தை ரப்பர் பேண்டு, மகளின் பழைய பள்ளிப் புகைப்படம்.

போவதற்கு முன் என் நாற்காலியை இழுத்துப்போட்டுச் சல்லடையைத் திறந்தார். தேதியைப் பார்க்கும் விதியை எடுத்துவிட்டு, இரண்டு கோப்பையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடும்படி மாற்றினார். மெதுவாகத்தான் ஓடும் என்று எச்சரித்தார். ஓடியது; முன்பு ஒரு நிமிடம் ஆன வேலைக்கு இப்போது இருபது நிமிடம். முதலாளி ஒருநாளும் அதைக் குறை சொல்லவில்லை.

"அக்கா, என் பேர நீங்க சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"எதுக்கு?" என்றார். உண்மையிலேயே புரியாமல் கேட்டதுபோல இருந்தது. "எழுதினது என் கை."

இப்போது அவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளைத் தட்டச்சு செய்கிறார். எதிரில் ஒரு பெண் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறார், அக்கா திரையில் விரல் வைத்துக்கொண்டே போகிறார். வீட்டுக்காரர் வேனில் நடக்கிற கதைகளை இன்னும் சொல்கிறார். அக்கா சில நாள் சிரிக்கிறார், சில நாள் 'அப்படியா' என்கிறார். எது எந்த நாளில் வரும் என்று அவளுக்கே தெரியவில்லை என்றார் வீட்டுக்காரர்.

மெக்கானிக்கின் அக்கா மறுபடி பல் மருத்துவமனைக்குப் போகிறார். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சல்லடையக்காவுக்கு அவரிடமிருந்து போன் வரும். இருவருக்கும் பேசிக்கொள்ள அதிகம் இல்லை. ஒருவரை ஒருவர் என்ன உறவு சொல்லிக் கூப்பிடுவது என்றுகூட இன்னும் முடிவாகவில்லை. போன ஞாயிறு நான் சல்லடையக்கா வீட்டில் இருந்தபோது மணி அடித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருப்பார்கள்போல.

"ஆச்சு" என்றார் அக்கா. "நீங்க?"

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அக்கா கேட்டுக்கொண்டே, துவைத்த துணிகளை மடித்து அடுக்கினார்.

"தம்பி வீட்லயா இருக்கீங்க? சரி. சாப்பிடுங்க. வெச்சிடறேன்."